பயாஸ் மாற்றினேன், மெஷின் மக்கர் பண்ணுது!

இரண்டு இதழ்களுக்கு முன் இந்தப் பக்கத்தில் ஒருவருக்கு, "பழைய போர்டில் புதிய ப்ராசஸர் மாட்டுவதென்றால் முதலில் பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள்" என்று எழுதியிருந்தேன். பயாஸ் என்பது மெஷினை ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்னால் விழிக்கும், மதர்போர்டிலேயே ஒரு சிப்பில் பதிந்திருக்கும் மென்பொருள். வாசகர்களில் ஒரு கூட்டம் முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் படித்திருக்கிறது. விளைவு, இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பயாஸ் புலம்பல்தான். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். மதுரையில் என் சர்வீஸ் பெஞ்சில் இருபத்திரண்டு வருடமாகப் பார்த்ததை வைத்துத்தான் பதில் சொல்கிறேன். தூரத்திலிருந்து கைநாடி பார்ப்பதில் உள்ள குறை இதிலும் இருக்கும்.

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் பயாஸ் அப்டேட் செய்தேன். காலண்டர் டிசைன் வேலை. ரைசன் 5 3600 ப்ராசஸர், 8 ஜிபி மெமரி நான்கு. அப்டேட் செய்த நாளிலிருந்து தினமும் இரண்டு மூன்று தடவை நீலத் திரை வருகிறது. சில நேரம் ஃபோட்டோஷாப் மட்டும் தானாக மூடிக்கொள்கிறது. கடைக்காரர் சொன்னபடி எக்ஸ்எம்பியைத் திரும்ப ஆன் செய்தும் பார்த்துவிட்டேன். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரி ஆல்பம் வெளிவர வேண்டும். பழைய பயாஸுக்கே போய்விடவா?
டிசைனர், சிவகாசி

பழி என் மேல்தான் தம்பி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பழைய பயாஸுக்கு இப்போது போகாதீர்கள். காரணம் கடைசியில்.

வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருந்த பால் கணக்கு அழிந்துபோகுமே, பயாஸ் அப்டேட்டும் அப்படித்தான். சுவர் புதிதாகிவிடும், கணக்கு போய்விடும். உங்கள் மெஷினை அசெம்பிள் செய்தவர் முதல் நாள் பயாஸுக்குள் சில எண்களைத் தட்டி வைத்திருப்பார். நீங்கள் அதைப் பார்த்ததே இல்லை, பார்க்க வேண்டிய அவசியமும் வந்ததில்லை. அப்டேட் அத்தனையையும் துடைத்துவிட்டுக் கம்பெனி எண்களைப் போட்டுவிட்டது.

எக்ஸ்எம்பியைத் திரும்பப் போட்டுவிட்டேனே என்கிறீர்கள். என் சந்தேகமே அதில்தான். எக்ஸ்எம்பி என்பது மெமரிப் பட்டையின் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் வேகம். உங்களுடையது 3200 அல்லது 3600 ஆக இருக்கும். அந்த வேகத்தைச் சோதித்து விற்பது அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஜோடிக்கு மட்டும். நீங்கள் நான்கு பட்டை போட்டிருக்கிறீர்கள், முதலில் இரண்டு, வேலை கூடியதும் இன்னும் இரண்டு வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான்கையும் ஒரே நேரத்தில் இழுப்பது ப்ராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலருக்குப் பாரம். இந்தத் தலைமுறை ரைசனுக்கு ஏஎம்டி கம்பெனியே சொல்லும் கணக்கு இதுதான்: இரண்டு பட்டைக்கு 3200, நான்கு பட்டை, அதுவும் ஒற்றை ரேங்க் (பட்டையிலுள்ள சிப்புகள் ஒரே தொகுதியாக இருப்பது) என்றால் 2933, நான்கும் இரட்டை ரேங்க் என்றால் 2667. அதற்கு மேல் ஓடினால் அது உங்கள் அதிர்ஷ்டம். அசெம்பிள் செய்தவர் இதை அனுபவத்தில் தெரிந்துகொண்டு வேகத்தைக் கொஞ்சம் இறக்கி வைத்திருப்பார். அது அழிந்துவிட்டது. நீங்கள் போய் ஸ்டிக்கர் வேகத்தைப் போட்டுவிட்டீர்கள்.

இது என் ஊகம். சோதித்தால்தான் உறுதி. பயாஸுக்குள் போய் எல்லாவற்றையும் டீஃபால்ட்டில், அதாவது கம்பெனி எண்களில், விடுங்கள். மெமரி வேகம் 2133 அல்லது 2400 அல்லது 2666 என்று காட்டும். பார்க்கப் பாவமாக இருக்கும், பரவாயில்லை. அந்த வேகத்திலேயே இரண்டு நாள் வேலை பாருங்கள். காலண்டர் பக்கத்துக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. இரண்டு நாளும் நீலத் திரை வரவில்லையென்றால் குற்றவாளி பயாஸ் இல்லை, மெமரி வேகம்தான். அப்புறம் எக்ஸ்எம்பியைப் போட்டு வோல்டேஜை 1.35-ல் விட்டு, வேகத்தை மட்டும் கையால் 2933 ஆக்குங்கள். ராத்திரி படுக்கப் போகும்போது மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐப் பென் டிரைவில் போட்டு ஓட விடுங்கள். நான்கு சுற்று முடிய வேண்டும், தவறு பூஜ்யமாக இருக்க வேண்டும். "ஒண்ணே ஒண்ணுதான் அக்கா வந்துச்சு" என்று போன் செய்யாதீர்கள். பால் தயிராக ஒரு சொட்டு மோர் போதும்.

டீஃபால்ட்டிலும் நீலத் திரை வந்தால் கதை வேறு. இரண்டு பட்டையைக் கழற்றிவிட்டு, ப்ராசஸர் பக்கத்திலிருந்து எண்ணினால் வரும் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் மட்டும் மெமரியை வைத்துப் பாருங்கள். பிறகு அந்த ஜோடியைக் கழற்றி மற்ற ஜோடியை அதே இடத்தில் வையுங்கள். விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்து வைக்கும் ஈவன்ட் வியூவரையும் திறந்து பாருங்கள். அங்கே கெர்னல்-பவர் 41 என்று சிவப்பாக இருப்பதைப் பார்த்து எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) போய்விட்டது என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய. அந்த வரி "ஆள் இறந்துவிட்டார்" என்று மட்டும்தான் சொல்லும், எதனால் என்று சொல்லாது. அதற்குச் சற்று முன்னால் டபிள்யூஎச்இஏ-லாகர் என்ற பெயரில் 18 அல்லது 19 என்று ஏதாவது பதிவாகியிருந்தால் அதுதான் துப்பு. ஹார்டுவேரே கை தூக்கிப் "பிழை" என்று சொன்ன இடம் அது. ப்ராசஸர், அதன் வோல்டேஜ், மெமரி பக்கம் தேட வேண்டும்.

இன்னொரு விஷயம், நீங்கள் கேட்காதது. மெமரி தடுமாறும்போது நீலத் திரை வந்தால்கூட நல்லது, தெரிந்துவிடும். தெரியாமல் ஒரு பிட் மாறி, அது அப்படியே ஃபைலில் சேவ் ஆகிவிடுவதுதான் ஆபத்து. அப்டேட் செய்த நாளுக்குப் பிறகு சேவ் செய்த பெரிய ஃபைல்களைத் திறந்து, முருகன் முகத்தில் கோடு கிழித்திருக்கிறதா என்று நூறு சதவீதப் பெரிதாக்கத்தில் பாருங்கள். ராகுகாலம் இடம் மாறுமோ என்று பயப்பட வேண்டாம், அதற்கு மனிதத் தவறு தேவை. ஆனால் அச்சு பிளேட் போட்ட பிறகு கோடு தெரிந்தால் முதலாளி என்னைத் தேடி மதுரைக்கே வந்துவிடுவார்.

இப்போது பழைய பயாஸ் விஷயம். மெமரி ஆட்டம் கண்டுகொண்டிருக்கும்போது பயாஸை எழுதுவது, பஸ் குலுங்கும்போது ஷேவ் செய்துகொள்வது மாதிரி. எழுதப்படும் ஃபைல் அந்த மெமரி வழியாகத்தான் போகிறது. அதனால் எந்த அப்டேட்டுக்கும் முன்னால் டீஃபால்ட் போட்டு, ஒரு முறை ஆன் செய்து, ஆட்டமில்லை என்று தெரிந்த பிறகுதான் எழுத வேண்டும். சில போர்டுகள் குறிப்பிட்ட பதிப்பைத் தாண்டிவிட்டால் பின்னால் போகவே விடாது. மேலே சொன்ன எல்லாம் செய்தும் தீரவில்லை என்றால், புதிய பயாஸிலேயே கோளாறு இருக்க வாய்ப்புண்டு. ஆன் ஆகும்போது மெமரியோடு எப்படிப் பேசுவது என்று பழக்கும் ஏஎம்டியின் உட்குறியீடு அதோடுதான் வருகிறது, முன்பு தாங்கிய எண்ணை இப்போது தாங்காமல் போவதும் உண்டு. அப்போது திரும்பிப் போகலாம்.

எங்கள் அலுவலக கம்ப்யூட்டரில் ஒருவர் பயாஸ் அப்டேட் செய்தார். இப்போது "இன்அக்ஸஸிபிள் பூட் டிவைஸ்" என்று நீலத் திரை வந்து திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிறது. டிஸ்க் போய்விட்டது, ஃபார்மேட்தான் செய்ய வேண்டும் என்கிறார்கள். மூன்று வருட டேலி கணக்கு உள்ளே இருக்கிறது மேடம்.
கணக்காளர், ஜவுளி நிறுவனம், கரூர்

ஃபார்மேட் என்று சொன்னவரை முதலில் ஒரு காபி குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் பயாஸைத் திறந்து, உங்கள் எஸ்எஸ்டியின் பெயர் அங்கே தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் டிஸ்க் உயிரோடுதான் இருக்கிறது.

டிஸ்க்கோடு பேசுவதற்குப் பயாஸில் இரண்டு முறை உண்டு. ஒன்று ஏஎச்சிஐ. மற்றது ரெய்டு, புதிய இன்டெல் போர்டுகளில் இதையே விஎம்டி என்பார்கள். விண்டோஸை இன்ஸ்டால் செய்தபோது எந்த முறை இருந்ததோ அந்த டிரைவரைத்தான் அது பூட் ஆகும்போது எடுத்துக்கொள்ளும். அப்டேட் இந்த ஸ்விட்சை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளிவிட்டது, அவ்வளவுதான். எதில் இருந்தது என்று நினைவில்லாவிட்டால், இப்போது இருப்பதற்கு எதிரானதைப் போட்டு ஒரு முறை பூட் செய்யுங்கள். இப்படி மாற்றிப் பார்ப்பதால் கணக்கு அழியாது. ஒரே எச்சரிக்கை: இரண்டு டிஸ்க்கைச் சேர்த்து நிஜமாகவே ரெய்டு போட்டு வைத்திருந்தால், "உருவாக்கு", "நீக்கு" என்று கேட்கும் திரைகளில் விரலை வைக்காதீர்கள்.

பழைய விண்டோஸ் என்றால் இன்னொரு இடம்: சிஎஸ்எம் என்ற வசதி. பழைய பாணியில் பிரித்த டிஸ்க்குக்கு அது ஆன் ஆக இருக்க வேண்டும். அப்டேட் ஆஃப் செய்திருந்தால் நீலத் திரைகூட வராது, பூட் டிஸ்க்கே இல்லை என்று கறுப்புத் திரையில் எழுதிக் காட்டும். மெஷின் ஓடியதும் அன்றைக்கே டேலியை ஒரு பென் டிரைவில் பேக்கப் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

லேப்டாப் தானாகவே ஏதோ ஃபர்ம்வேர் அப்டேட் செய்துகொண்டது. இப்போது நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கிறது. நான் எந்தப் பாஸ்வேர்டும் வைத்ததில்லை. ஒருவர் உடைத்துத் தருகிறேன் என்று பணம் கேட்கிறார்.
ஆசிரியை, புதுக்கோட்டை

டீச்சர், பணம் கொடுக்காதீர்கள். உடைக்க முடியாது. அவர் உடைத்தேன் என்று கொடுப்பது ஃபார்மேட் செய்த காலி லேப்டாப்பாக இருக்கும்.

இது பிட்லாக்கர் என்ற பூட்டு. நீங்கள் வைக்கவில்லை, விண்டோஸே வைத்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே நுழைந்தபோது சத்தமில்லாமல் போட்டுக்கொள்ளும். சாவி டிபிஎம் என்ற சிறு பெட்டகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் மெஷினின் முகத்தைப் பார்த்து, அதே ஆள்தான் என்று தெரிந்தால் அந்தப் பெட்டகம் சாவியை நீட்டும். ஃபர்ம்வேர், அதாவது பயாஸ், மாறியதும் முகம் மாறிவிட்டது. மீசையை எடுத்துவிட்டு வந்த வீட்டுக்காரரை வாட்ச்மேன் வாசலிலேயே நிறுத்திவிட்டாராம், அந்தக் கதைதான்.

வேறொரு போனிலிருந்து உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, அங்கே லேப்டாப்பின் பெயருக்குக் கீழே மீட்புச் சாவிகள் என்ற பகுதியைத் தேடுங்கள். நீலத் திரையில் சாவியின் அடையாள எண் ஒன்று இருக்கும். அதன் முதல் எட்டு எழுத்து எந்த வரியோடு பொருந்துகிறதோ அந்த வரியின் 48 இலக்கத்தைத் தட்டுங்கள். பள்ளியிலிருந்து கொடுத்த கணக்கு என்றால் அதை நிர்வகிப்பவரிடம் இருக்கும். முதன்முதலில் லேப்டாப்பைத் திறந்து கொடுத்த உங்கள் மகன் அவர் கணக்கைப் போட்டிருந்தால் சாவி அங்கே. என்னிடம் வந்த கேஸ்களில் முக்கால்வாசி இந்த மகன் கேஸ்தான்.

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏஎம்டி போர்டில் அப்டேட்டுக்குப் பிறகு எஃப்டிபிஎம்மை (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் டிபிஎம்) ரீசெட் செய்யவா, ஒய் அல்லது என் அழுத்து என்று கறுப்புத் திரை வரும். பிட்லாக்கர் சாவி கையில் இல்லாமல் ஒய்யை அழுத்தாதீர்கள். இனிமேல் அப்டேட் செய்யும் முன், விண்டோஸுக்குள் போய் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். முழுக்க நீக்க வேண்டியதில்லை.

அக்கா, புது பிசி. ரைசன் 7 7700, 64 ஜிபி டிடிஆர்5. பயாஸ் அப்டேட் முடிந்து ரீஸ்டார்ட் ஆனது. ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு, போர்டில் மெமரி பக்கம் ஒரு லைட் எரிகிறது. நான்கு தடவை அணைத்துப் போட்டுவிட்டேன். போர்டு போச்சா?
பொறியியல் மாணவர், நாகர்கோவில்

போர்டு போகவில்லை, உங்கள் பொறுமைதான் போயிருக்கிறது. டிடிஆர்5 போர்டு அப்டேட்டுக்குப் பிறகு முதல் தடவை மெமரியைப் புதிதாகப் பழக்கும். ஒவ்வொரு கம்பியிலும் எத்தனை இடைவெளியில் பேசினால் கேட்கிறது என்று தடவித் தடவிப் பார்க்கும். மெமரி அளவு கூடக் கூட நேரமும் கூடும். பல நிமிடம் ஆகும். நீங்கள் ஒவ்வொரு தடவையும் நடுவில் அணைத்ததால் அது முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறது. ஆன் செய்துவிட்டு அறையை விட்டு வெளியே போய்விடுங்கள். கால் மணி நேரம் கழித்து வாருங்கள். அப்போதும் கறுப்பு என்றால் மின்சாரத்தை எடுத்து, சிமாஸ் க்ளியர் செய்து (பயாஸில் சேமித்த எண்களை அழித்து), ஒரே ஒரு மெமரியோடு மறுபடி முயலுங்கள்.

ஓடிய பிறகு, ஒவ்வொரு முறையும் ஆன் ஆக ஒரு நிமிடம் பிடித்தால், மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர் என்ற வசதியைத் தேடி ஆன் செய்யலாம்; பழக்கியதை நினைவில் வைத்துக்கொள்ளும். அதை ஆன் செய்த பிறகு காரணமில்லாமல் நீலத் திரை வந்தால் யோசிக்காமல் ஆஃப் செய்துவிடுங்கள். ஒரு நிமிடத்தைச் சேமித்து என்ன சாதிக்கப் போகிறோம்?

அப்டேட் செய்தது தப்பில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2023-ல் உங்கள் சாக்கெட்டில் வரும் 7800எக்ஸ்3டி வகை ப்ராசஸர்கள் சில கருகின. எஸ்ஓசி வோல்டேஜ் (ப்ராசஸருக்குள் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போவது) எல்லை மீறியதே காரணம் என்று அதை 1.3 வோல்ட்டில் நிறுத்தியது பயாஸ் அப்டேட் வழியாகத்தான்.

அப்டேட் பாதியில் கரண்ட் போய்விட்டது. இப்போது ஆன் செய்தால் திரையில் ஒன்றுமே இல்லை. சான்றிதழுக்குக் கூட்டம் நிற்கிறது.
இ-சேவை மையம், அருப்புக்கோட்டை

போர்டின் பின்பக்கம் யுஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில் பயாஸ் ஃப்ளாஷ் என்று எழுதிய ஒரு சின்ன பட்டன் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பிழைத்தீர்கள். ப்ராசஸர், மெமரி எதுவும் வேலை செய்யாவிட்டாலும் அந்த பட்டன் தனியாக வேலை செய்யும். பென் டிரைவை ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்து, கம்பெனி தளத்தில் உங்கள் மாடலுக்கான பயாஸ் ஃபைலை எடுத்து, அவர்கள் சொல்லும் பெயருக்கு மாற்றி, அடையாளமிட்ட துளையில் செருகி, பட்டனைச் சில நொடி அழுத்துங்கள். விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். அது தானாக நிற்கும் வரை தொடாதீர்கள். இந்தத் தடவை யுபிஎஸ்ஸில் மாட்டிவிட்டுச் செய்யுங்கள்.

பட்டன் இல்லையென்றால் பயாஸ் சிப்பில் நேரடியாகக் கிளிப் மாட்டிப் புரோகிராமரால் எழுத வேண்டும். கடையில் கொடுங்கள், ஆனால் ஒன்றை மட்டும் கேட்டுவிட்டுக் கொடுங்கள்: "எழுதுவதற்கு முன் சிப்பைப் படித்துக் காப்பி எடுப்பீர்களா?" நான் இதில் அடி வாங்கியவள். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு லேப்டாப்பில், காப்பி எடுக்காமல், கம்பெனி ஃபைலை அப்படியே எழுதிவிட்டேன். ஆன் ஆகிவிட்டது, கை தட்டிக்கொண்டேன். மறுநாள்தான் தெரிந்தது: சீரியல் நம்பர், விண்டோஸ் சாவி, நெட்வொர்க் அடையாள எண் எல்லாம் அந்தச் சிப்பில்தான் இருந்திருக்கிறது, அத்தனையும் போச்சு. அந்த எண்ணோடு லைசென்ஸ் கட்டியிருந்த மென்பொருள் அவருக்குத் திறக்கவேயில்லை. வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்து, மேற்கொண்டு என் கையிலிருந்தும் கொடுத்தேன். இன்றைக்கும் என் பெஞ்சுக்கு மேல் சுவரில் "முதலில் வாசி, பிறகு எழுது" என்று ஒட்டியிருக்கிறது. 1.8 வோல்ட் சிப்புக்கு 3.3 வோல்ட் கொடுத்து எரித்த கதையும் உண்டு, அதை இன்னொரு நாள் சொல்கிறேன்.

கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கு செகண்ட் ஹேண்டில் இன்டெல் ஐ7-13700கே ப்ராசஸர் வருகிறது. 13, 14-ஆம் தலைமுறையில் பிரச்சினை இருந்தது, புதிய பயாஸ் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் விற்பவர். வாங்கலாமா மேடம்?
வீடியோ எடிட்டர், கும்பகோணம்

பாதி உண்மை சொல்கிறார். மறுபாதியில்தான் உங்கள் பணம் இருக்கிறது.

13-ஆம் தலைமுறை 2022-லும் 14-ஆம் தலைமுறை 2023-லும் வந்தன. 2024-ல் புகார்கள் குவிந்தன. கேம் திறந்தால் வீடியோ மெமரி போதவில்லை என்று பொய்யான பிழை வரும். கிராஃபிக்ஸ் கார்டில் தாராளமாக மெமரி இருக்கும். பெரிய ஃபைலை விரித்தால் பழுது என்று சொல்லும். கிராஃபிக்ஸ் டிரைவர் இன்ஸ்டால் ஆகாது. ஆளாளுக்கு மெமரியை மாற்றினார்கள், கார்டை மாற்றினார்கள். கடைசியில் இன்டெல்லே விளக்கம் கொடுத்தது: ப்ராசஸர் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்கிறது, கோருக்குள் கடிகாரத் துடிப்பைக் கொண்டுபோகும் சுற்று, அதிக வோல்டேஜிலும் சூட்டிலும் சீக்கிரம் மூப்படைகிறது, மூப்படைந்த பிறகு முன்பு போதுமாக இருந்த குறைந்தபட்ச வோல்டேஜ் அதற்குப் போதாது. 2024 ஆகஸ்டில் 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோடு (ப்ராசஸர் நடந்துகொள்ளும் விதத்தைத் திருத்தும் உட்குறியீடு) வந்து, 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்காதபடி தடுத்தது. செப்டம்பரில் 0எக்ஸ்12பி. 2025 மே மாதம் 0எக்ஸ்12எஃப். எல்லாம் பயாஸ் அப்டேட்டோடு வருபவை.

இவை மேற்கொண்டு தேயாமல் காப்பவை. ஏற்கெனவே தேய்ந்ததை மீட்காது, இதை இன்டெல்லே சொல்லியிருக்கிறது. வண்டிக்கு இன்று நல்ல ஆயில் ஊற்றினால் நேற்று தேய்ந்த பிஸ்டன் வளருமா? முந்தைய உரிமையாளர் பழைய பயாஸிலேயே எத்தனை மாதம் ஓட்டினார் என்பது உங்களுக்குத் தெரியாது. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு, 13700கே அதில் ஒன்று, பெட்டியில் வாங்கியவற்றுக்கு வாரண்டியை இரண்டு வருடம் கூட்டி மொத்தம் ஐந்து வருடம் ஆக்கினார்கள். ஆகவே பில் இருந்து, வாரண்டியும் பாக்கி இருந்தால் மட்டும் பேசுங்கள். பில் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். முகூர்த்த சீசனில் பாதி ரெண்டரில் நின்றால் மாப்பிள்ளை வீட்டார் மைக்ரோகோடு விளக்கமெல்லாம் கேட்கமாட்டார்கள்.

என்னைக் கேட்டால் அதே சாக்கெட்டில் 12-ஆம் தலைமுறை ஐ7-12700கே கிடைத்தால் எடுப்பேன். வேகம் கொஞ்சம் குறைவு, இந்தத் தொல்லை அதற்கு இல்லை. 13-ஐயே எடுத்தால், விற்பவர் வீட்டிலேயே பத்து இருபது ஜிபி ஜிப் ஃபைல் ஒன்றை ஐந்து தடவை விரித்துப் பாருங்கள். ஒரு தடவை பிழை வந்தாலும் வேண்டாம். அப்டேட் செய்த பிறகு ரெண்டர் நேரம் சற்றுக் கூடினால் பயப்படாதீர்கள். முன்பு பல போர்டுகள் பவர் வரம்பை 4096 வாட் என்று, அதாவது வரம்பே இல்லாமல், வைத்திருந்தன. இன்டெல் டீஃபால்ட் என்ற அமைப்பு அதை 253 வாட்டில் நிறுத்தும். அதை "சரி செய்து தருகிறேன்" என்று யாராவது வந்தால் விடாதீர்கள்.

சுருக்கமாகச் சில

*தினமும் காலையில் தேதி பழையதாகிவிடுகிறது, பயாஸ் அப்டேட் செய்யட்டுமா? (தேனி)* வேண்டாம். போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல்லை மாற்றுங்கள்.

*அப்டேட்டுக்குப் பிறகு ஃபேன் மாவு மில் மாதிரி இரைகிறது. (ஈரோடு)* ஃபேன் வேக அமைப்பு அழிந்திருக்கிறது. பயாஸில் ஃபேன் பகுதியில் போய் சைலன்ட் அல்லது ஸ்டாண்டர்டு வையுங்கள். அதோடு தண்ணீர்க் கூலரின் பம்ப் இருந்தால் அதை மட்டும் முழு வேகத்தில் விடுங்கள்.

*ரைசன் பிசி. பாட்டுக் கேட்கும்போது அவ்வப்போது ஒரு நொடி விக்கல் எடுக்கிறது. 2021-க்குப் பிறகு பயாஸைத் தொடவே இல்லை. (தஞ்சாவூர்)* உங்களுக்குத்தான் அப்டேட் தேவை. எஃப்டிபிஎம், போர்டிலிருக்கும் பயாஸ் சிப்போடு பேசும்போது மொத்த மெஷினும் நின்று போவதை ஏஎம்டி 2022 மார்ச்சில் ஒத்துக்கொண்டது. அந்த ஆண்டு மே மாதத்துக்குப் பிறகு வந்த பயாஸ்களில் தீர்வு இருக்கிறது. பிட்லாக்கர் பற்றி மேலே டீச்சருக்கு எழுதியதைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

*எல்லாம் நன்றாக ஓடுகிறது. அப்டேட் செய்யலாமா? (பதினோரு பேர்)* எதற்கு? புதிய ப்ராசஸர் போடுகிறீர்களா, பாதுகாப்பு ஓட்டை அடைபடுகிறதா, உங்களுக்கிருக்கும் ஒரு கோளாறின் பெயர் அந்த அப்டேட் குறிப்பில் இருக்கிறதா? மூன்றில் ஒன்றுக்காவது ஆமாம் என்றால் செய்யுங்கள். செய்வதற்கு முன் பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பயாஸுக்குள்ளேயே சேமித்து வைக்கும் ப்ரொஃபைலை நம்பாதீர்கள், பழைய பதிப்பில் சேமித்ததைப் புதியது பெரும்பாலும் ஏற்பதில்லை.

இந்தப் பக்கத்தை முடித்து அனுப்பும் நேரத்தில் சிவகாசித் தம்பி போன் செய்தார். ஆல்பம் அவசரம் என்பதால் அவருக்கு மட்டும் பதிலை முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். டீஃபால்ட்டில் இரண்டு நாள் நீலத் திரை இல்லையாம். மெமரியைக் கழற்றிப் பார்க்கலாம் என்று கேபினெட்டின் பக்கக் கதவைத் திறந்தால், கதவின் உள்பக்கம் மார்க்கர் பேனாவால் எழுதியிருந்ததாம்: "4 ஸ்டிக். 2933. 1.36. மாத்தாதே." அந்த அசெம்பிளர் யாரென்று கேட்டேன். கடையை விட்டுப் போய் இரண்டு வருடமாகிவிட்டதாம், இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. தெரிந்தால் சொல்லுங்கள், என் கடையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது.